பழைய லேப்டாப்பா? ஐ7-ஐ விடுங்கள், அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள்

கேட்டது இது: தங்கை பிசிஏ சேரப்போகிறாள், கையில் 20 ஆயிரம் ரூபாய் இருக்கிறது, கடையில் ‘ஐ7, 16 ஜிபி ராம்’ என்று ஒரு பழைய லேப்டாப்பை 15 ஆயிரத்துக்குச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? மூன்று வருஷம் தாங்குமா?

அந்த ஐ7-க்குப் பின்னால் என்ன நம்பர் என்று முதலில் கேளுங்கள். ஐ7 4600யூ என்றால் அது 2013-இல் வந்த சிப், இரண்டே கோர் (சிப்புக்குள் வேலை செய்யும் மையம்). ஐ5 8250யூ 2017-இல் வந்தது, நாலு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்). பெயருக்குத்தான் ஐ7, வேலையில் அந்த ஐ5 பக்கத்தில்கூட வராது. நம்பரின் முதல் இலக்கம்தான் தலைமுறை: 4600 நாலாம் தலைமுறை, 8250 எட்டாம் தலைமுறை. 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள்: 10210 என்றால் பத்து, 1135 என்றால் பதினொன்று. நம்பரைச் சொல்லத் தயங்கும் கடையில் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

எட்டாம் தலைமுறை என்பதை நான் ஒரு கோடாக வைத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் பக்கம் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். கடைக்காரர்கள் சுற்றுவழியில் ஆறாம் தலைமுறையிலும் ஏற்றிக் காட்டுவார்கள், ஓடவும் ஓடும். ஆனால் அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. மூன்று வருஷம் படிக்கப்போகிற பெண்ணுக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

சரி, எந்த லேப்டாப்? இங்கேதான் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பழைய லேப்டாப் வாங்குகிறவர் வேகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், எது கெட்டால் எதை மாற்ற முடியும் என்று பார்க்க வேண்டும். பேட்டரி சாகும், ஃபேன் தேயும், கீபோர்டில் ஒரு எழுத்து வேலை நிறுத்தம் செய்யும், சார்ஜர் போகும். இதெல்லாம் நடக்குமா என்பது கேள்வியே இல்லை. நடந்த அன்றைக்கு அந்தப் பாகம் கடையில் கிடைக்குமா, அதை ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து மாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி.

அதனால்தான் ஆபீஸ் வகை லேப்டாப்பைச் சொல்கிறேன். லெனோவோவின் திங்க்பேட் டி வரிசை, டெல் லாட்டிடியூட், ஹெச்பி எலைட்புக். பெரிய கம்பெனிகள் இவற்றை மொத்தமாக எடுத்து, மூன்று நாலு வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும். அவைதான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ் என்று வந்து இறங்குகின்றன. ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் வருவதால் அதன் கீபோர்டும் திரையும் கீலும் தாராளமாகப் புழங்குகின்றன. அதே பணத்துக்கு ஷோரூமில் பளபளவென்று விற்ற வீட்டு மாடல் ஒன்று, வயது குறைவாகவேகூடக் கிடைக்கும். அதன் கீல் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்தால் பாகத்துக்கு எங்கே போவீர்கள்?

நான் உங்களுக்குச் சொல்வது திங்க்பேட் டி480. 2018-இல் வந்தது. லாட்டிடியூட் 7490, எலைட்புக் 840 ஜி5 இரண்டும் அதே காலத்துக்காரர்கள்தான். நல்ல நிலையில் கிடைத்தால் அவற்றையும் யோசிக்காமல் எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: இந்த மாடல்கள் ஏழாம் தலைமுறைச் சிப்போடும் வந்திருக்கின்றன. மாடல் பெயரை வைத்துத் தலைமுறையை முடிவு செய்துவிடாதீர்கள்.

டி480-ஐ ஏன் பிடிக்கும் என்றால், அதில் ராம் போட இரண்டு ஸ்லாட். அதன் தம்பி மாதிரி இருக்கும் மெலிந்த டி480எஸ்-இல் பாதி ராம் மதர்போர்டிலேயே பற்றவைத்து வரும், மீதிக்கு ஒரே ஒரு ஸ்லாட். எக்ஸ்280, எக்ஸ்1 கார்பன் என்ற மெல்லிய திங்க்பேடுகள் இரண்டிலும் ராம் முழுக்க போர்டிலேயே. 8 ஜிபி எக்ஸ்280 வாங்கினால் அது கடைசிவரை 8 ஜிபிதான். கையில் எடுத்தால் பூ மாதிரி இருக்கும், கடைக்காரரும் அதைத்தான் முன்னால் தள்ளுவார். எடையைப் பார்த்து மயங்க வேண்டாம். டி480-இல் இன்று 8 ஜிபியோடு எடுத்துவிட்டு, இரண்டாம் வருஷம் கையில் காசு வரும்போது இன்னொரு 8 ஜிபி சேர்த்துக்கொள்ளலாம். கடையிலேயே டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டிவிடும்.

பேட்டரியும் இரண்டு. உள்ளே ஒன்று, பின்பக்கம் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒன்று. உள்ளே இருப்பதில் சார்ஜ் இருந்தால், லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் பேட்டரியைக் கழற்றி வேறொன்று போடலாம். பின் பேட்டரியிலேயே 24 வாட் ஹவர் (பேட்டரி தேக்கும் மின்சாரத்தின் அளவு), 48, 72 என்று உண்டு. 72 அடியில் துருத்திக்கொண்டு நிற்கும், பார்க்க அழகில்லை; ஆனால் வகுப்பில் பிளக் பாயின்ட்டுக்கு அலைய வேண்டியிருக்காது.

குறை இல்லாமல் இல்லை. திரைதான் இதன் பலவீனம். மலிவு வகையில் 1366-க்கு 768 பேனல் வந்தது; கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் நிறம் செத்துப்போகும். அது வேண்டவே வேண்டாம். 1920-க்கு 1080 ஐபிஎஸ் பேனல் (சாய்த்துப் பார்த்தாலும் நிறம் மாறாத வகை) வேண்டும்; 1920-க்கு 1080 தானா என்று டிஸ்ப்ளே செட்டிங்ஸில் பாருங்கள், திரையைச் சாய்த்தும் பாருங்கள். அதுவும் பெரிய வெளிச்சம் கிடையாது, வெயிலில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. ஹாஸ்டல் அறைக்குப் போதும்.

இப்போது கடையில் என்ன பார்ப்பது. ஆன் செய்வதற்கு முன்னால் கவிழ்த்துப் பாருங்கள். ஸ்டிக்கரில் சீரியல் நம்பர் இருக்கும். பிறகு ஆன் செய்து, லெனோவோ லோகோ வரும்போது எஃப்1 அழுத்திப் பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் அடிப்படை அமைப்புப் பக்கம்) போங்கள். “அண்ணே, பயாஸ் ஒருதடவை பாத்துக்கிறேன்” என்றால் நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். முதல் பக்கத்திலேயே சீரியல் நம்பர் வரும். ஸ்டிக்கரில் இருப்பதும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தாலோ, நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்வேலிட்’ என்று இருந்தாலோ, போர்டோ அடிமூடியோ மாற்றிய லேப்டாப். அந்த நம்பரை லெனோவோவின் சப்போர்ட் தளத்தில் போட்டால் கம்பெனியிலிருந்து வெளிவந்தபோது என்ன சிப், என்ன திரை, வாரன்டி எப்போது முடிந்தது என்று எல்லாம் சொல்லிவிடும். போனிலேயே இரண்டு நிமிஷ வேலை.

பயாஸுக்குள் போகும்போது பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தனிச் சிப்பில் பதிந்திருக்கும். உள்ளே இருக்கும் சின்ன சிமாஸ் பேட்டரியைக் கழற்றினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், போகாது. செக்யூரிட்டி பக்கத்தில் கம்ப்யூட்ரேஸ் அல்லது ஆப்சல்யூட் என்று ஒரு வரி இருக்கும். காணாமல்போன லேப்டாப்பைக் கம்பெனி தேடிப் பிடிக்க வைத்திருக்கிற வசதி அது. அதன் நிலை ‘ஆக்டிவேட்டட்’ என்று இருந்தால் பழைய முதலாளி விடுவிக்கவில்லை என்று அர்த்தம்.

இதைவிடப் பலர் கோட்டை விடுகிற ஒன்று உண்டு. விண்டோஸ் ஆட்டோபைலட் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. கம்பெனி தன் லேப்டாப்புகளின் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட்டிடம் பதிந்து வைத்துக்கொள்ளும். அதை நீக்காமலே கழித்துவிட்டால், கடையில் ஒழுங்காக ஓடும் லேப்டாப், பிறகு என்றாவது நீங்கள் விண்டோஸை ரீசெட் செய்து வைஃபை போட்டதும் ‘இன்ன நிறுவனத்துக்கு வரவேற்கிறோம், அலுவலக மெயிலைப் போடுங்கள்’ என்று நின்றுவிடும். அதனால் காசு கொடுப்பதற்கு முன்னாலேயே கடையில் ரீசெட் செய்யச் சொல்லுங்கள். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதல் அமைப்பு முழுக்க முடியும்வரை உட்கார்ந்திருங்கள். முக்கால் மணி நேரம் போகலாம், டீ வாங்கித் தருவார்கள்.

டி480-க்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. இதில் சார்ஜ் ஏறுவது யூஎஸ்பி-சி வழியாகத்தான். 2017, 2018 காலத்துத் திங்க்பேடுகள் பலவற்றில் யூஎஸ்பி-சி போர்ட்டோடு சேர்ந்த தண்டர்போல்ட் சிப்பின் ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) தன் குறிப்புகளைச் சிப்பின் சிறிய நினைவகத்தில் எழுதிக்கொண்டே போய், ஒரு நாள் அது நிரம்பிவிடும். அப்புறம் யூஎஸ்பி-சி போர்ட் வேலை செய்யாது, வெளித் திரை வராது, சிலவற்றில் சார்ஜும் ஏறாது. இது முக்கியமான அப்டேட் என்று சொல்லி லெனோவோவே திருத்தம் வெளியிட்டது. பிரச்சினை வருவதற்கு முன் அந்த அப்டேட்டைப் போட்டிருந்தால் தப்பித்தோம். வந்துவிட்டால் அந்தச் சிப்பை வெளியிலிருந்து புதிதாக எழுத வேண்டியிருக்கும், அது எல்லாக் கடையிலும் ஆகிற வேலை இல்லை. அதனால் பக்கம் பக்கமாக இருக்கும் இரண்டு யூஎஸ்பி-சி போர்ட்டிலும் மாற்றி மாற்றிச் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஏற வேண்டும். ஒயரை லேசாக அசைத்தால் சார்ஜ் விட்டு விட்டு வரக்கூடாது. அந்த போர்ட் தேய்ந்தால் கழற்றி மாட்டுகிற விஷயம் இல்லை, சால்டரிங் வேலை.

பேட்டரியின் நிலவரத்தை லெனோவோ வான்டேஜ் என்ற இலவசச் செயலி சொல்லிவிடும்: புதிதில் எத்தனை வாட் ஹவர், இப்போது முழுச் சார்ஜில் எத்தனை, எத்தனை சார்ஜ் சுற்று ஓடியிருக்கிறது. 24 இருக்க வேண்டிய இடத்தில் 18 இருந்தால் பழைய லேப்டாப்புக்கு நல்ல நிலை. 10 என்றால் விலையில் ஒரு புது பேட்டரியின் காசைக் குறைக்கச் சொல்லுங்கள். எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பு டிஸ்க்) கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற செயலி. அதில் ஆரோக்கியம் எத்தனை சதவீதம், எத்தனை மணி நேரம் ஓடியது என்று வரும். எஸ்எஸ்டி மோசமாக இருந்தாலும் நான் லேப்டாப்பை நிராகரிக்க மாட்டேன், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இன்னும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கோடு கொடுத்தால், எஸ்எஸ்டி போட்டுத் தரச் சொல்லாமல் வாங்காதீர்கள்.

மற்றதெல்லாம் கண்ணுக்கும் கைக்கும் தெரிகிறவை. நோட்பேடைத் திறந்து எல்லா எழுத்தையும் தட்டுங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படம் வைத்துத் திரையில் கறை, கோடு, ஒரு மூலையில் வெளிச்சக் கசிவு இருக்கிறதா பாருங்கள். கேமரா, மைக், ஸ்பீக்கர், ஹெட்போன் ஓட்டை. டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால், அல்லது மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடினால், உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அதை அழுத்திப் பார்க்க வேண்டாம். ஹெச்டி வீடியோ ஒன்றை அரைமணி ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். காற்று வரும் சத்தம் பரவாயில்லை. ‘கறகற’ என்றால் ஃபேனின் ஆயுள் முடிகிறது. கடைசியாக, சீரியல் நம்பர் எழுதிய பில் வாங்காமல் வராதீர்கள். திருட்டு லேப்டாப் என்று நாளைக்கு யாராவது வந்து நின்றால் உங்கள் கையில் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை, கடைக்காரர் போட்ட விண்டோஸை அழித்துவிட்டு மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிப் புதிதாகப் போடுவது. ஆபீஸ் லேப்டாப்புகள் பெரும்பாலும் விண்டோஸ் புரோ உரிமத்தோடு வந்தவை. உரிமம் போர்டிலேயே இருக்கும். இணையத்தில் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். கடையில் ஏதாவது ‘ஆக்டிவேட்டர்’ (உரிமம் இல்லாமலே விண்டோஸை ஓடவைக்கும் திருட்டு மென்பொருள்) போட்டு ஓட்டியிருந்தால் அதோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வந்ததோ, யாருக்குத் தெரியும்? அப்புறம் வான்டேஜ் வழியாகப் பயாஸ் அப்டேட், மேலே சொன்ன தண்டர்போல்ட் அப்டேட். அன்றைக்கு ராத்திரி தூங்கப்போகும்போது மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் போட்டு ராமைச் சோதிக்க விட்டுவிடுங்கள். காலையில் ஒரு பிழை காட்டினாலும் மறுநாளே கடைக்கு.

அடுத்து அடிமூடி. லெனோவோ ஒவ்வொரு திங்க்பேடுக்கும் ஹார்ட்வேர் மெயின்டெனன்ஸ் மேனுவல் என்று ஒரு பிடிஎஃப் வெளியிடுகிறது. எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்றுவது என்று படம் போட்டுச் சொல்லும். இதெல்லாம் பொதுவில் இலவசமாகக் கிடைப்பது ஐபிஎம் காலத்திலிருந்து வரும் நல்ல பழக்கம். திறப்பதற்கு முன் பயாஸில் பவர் பக்கத்தில் உள் பேட்டரியை முடக்க ஒரு வசதி இருக்கிறது, அதைச் செய்துவிட்டுப் பின் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். மறுபடி சார்ஜர் மாட்டினால் தானாக உயிர் வந்துவிடும். உள்ளே ஹீட்சிங்க்கின் (சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகம்) இதழ்களில் தூசி கம்பளி மாதிரி அடைத்திருக்கும். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றவிடாதீர்கள். சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் இருக்கும் பேஸ்ட் ஐந்தாறு வருஷத்தில் காய்ந்துபோயிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் புதிதாகக் கொஞ்சமாக வைத்தால் போதும். சாதாரண வேலையிலேயே சூடு 90 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த லேப்டாப் இந்த ஒரு வேலையில் அடங்கிவிடுவது உண்டு. பழக்கமில்லை என்றால் சர்வீஸ் கடையில் கொடுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

தினப்படி விஷயத்தில் நான் வற்புறுத்துவது பேட்டரி வரம்பை. லித்தியம் பேட்டரியைக் கெடுப்பது நூறு சதவீதத்திலேயே சூட்டோடு வைத்திருப்பது. ஹாஸ்டலில் நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடக்கும். வான்டேஜில் சார்ஜை 80-இல் நிறுத்தச் சொல்ல முடியும், போட்டுவிட்டு மறந்துவிடலாம். புது பேட்டரி வாங்கும்போது ரொம்ப மலிவாக, மேலே ஒரிஜினல் என்று எழுதி வருவதை ஒதுக்குங்கள்.

சார்ஜர் 65 வாட், பவர் டெலிவரி (யூஎஸ்பி-சி வழியாக லேப்டாப்புக்குத் தேவையான மின்சாரம் தரும் முறை) உள்ள நல்லதாக இருக்கட்டும். மூன்று பின் சார்ஜரை அப்படியே மூன்று பின் பிளக்கில் போட வேண்டும். இரண்டு பின் அடாப்டர் வைத்துப் போட்டால் எர்த் போய்விடும். லேப்டாப்பின் உலோகப் பகுதியில் கை பட்டால் எறும்பு கடிக்கிற மாதிரி சுருக்கென்று இருக்கும். ஆள் சாகிற மின்சாரம் இல்லை, ஆனால் வயரிங் சரியில்லை என்று சொல்கிறது.

மெத்தையில் வைத்து ஓட்டக்கூடாது, அடியில்தான் காற்று இழுக்கும் துவாரங்கள் இருக்கின்றன. ஸ்லீப்பில் போட்டு அப்படியே பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏற வேண்டாம்; உள்ளேயே விழித்துக்கொண்டு கொதிக்கும். அணைத்துவிட்டு வையுங்கள். கடலோர ஊரில் படிக்கிறாள் என்றால் லீவு மாதங்களிலும் வாரம் ஒருமுறையாவது ஆன் செய்யச் சொல்லுங்கள். உப்புக் காற்றில் சும்மா கிடக்கும் போர்டில் பச்சை பூக்கும்.

எஸ்எஸ்டி பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் டக் டக் என்று சத்தம் போட்டாவது சொல்லும். எஸ்எஸ்டி நேற்று வரை ஓடி, இன்று காலை இருக்கவே இருக்காது. புராஜெக்ட், ரெக்கார்டு நோட்டு எல்லாம் கூகுள் டிரைவில் ஒரு பிரதி, வீட்டில் ஒரு வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி.

ஒருவேளை உறவினர் யாராவது ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்பைச் சும்மா கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம். பிசிஏவில் வரும் சி, ஜாவா, பைத்தான், மைஎஸ்க்யூஎல் எல்லாம் அதில் ஓடும். கணக்கு மென்பொருளான டேலி வேண்டும், ஆன்லைன் தேர்வு மென்பொருள் விண்டோஸ்தான் கேட்கிறது என்றால்தான் சிக்கல். அதைக் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்தில் பேட்டரி ஒருமுறை மாறும், அநேகமாகச் சார்ஜரும். 20 ஆயிரத்தையும் லேப்டாப்பிலேயே போட்டுவிடாமல் மூன்று நாலாயிரம் அதற்கென்று தனியாக வையுங்கள். போர்டே போய்விட்டால் மட்டும் ரிப்பேரில் பணத்தைக் கொட்ட வேண்டாம். சிப்-லெவல் வேலை செய்த போர்டு மறுபடி எப்போது படுக்கும் என்று சொல்ல முடியாது. அதே டி480-ஐ இன்னொன்று தேடிப் பிடித்து, இதிலிருக்கும் ராம், எஸ்எஸ்டி, பின் பேட்டரியை அதில் மாட்டிக்கொள்ளுங்கள்; எஸ்எஸ்டியை மாற்றும்போது பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டு) கீ கேட்கலாம், அதை முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய உடம்பைத் தூக்கிப் போடாதீர்கள், கீபோர்டும் திரையும் பிறகு உதவும்.